லேப்டாப் திரையில் கோடு கோடா வருதா? கிராபிக்ஸ் சிப் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது?

வீடியோ மீட்டிங் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று திரை முழுக்க மெல்லிய கோடுகள். இரண்டு நொடி கறுப்பாகிறது, பிறகு தானாகவே திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் நார்மல். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்த முறை ஊதாவும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், கூடவே நீலத்திரை.

ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்பில் இப்படி ஆரம்பித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராபிக்ஸ் சிப்பை. கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். லேப்டாப்பில் அந்த வசதி கிடையாது. 'கார்டு' என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, பெரும்பாலான மாடல்களில் அது மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்ட ஒரு சிப். சில விலை உயர்ந்த கேமிங், ஒர்க்ஸ்டேஷன் மாடல்களில் மட்டும் தனியாகக் கழற்றும் எம்எக்ஸ்எம் வகைக் கார்டு இருக்கும். அதனால்தான் சர்வீஸ் கடையில் கேட்கும் தொகை சில நேரம் லேப்டாப்பின் மதிப்பையே நெருங்குகிறது.

இதைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு வேலை

பேக்கப் எடுத்துவிடுங்கள். கிராபிக்ஸ் சிப் செத்தாலும் உங்கள் ஹார்டு டிஸ்க்குக்கோ எஸ்எஸ்டிக்கோ ஒன்றும் ஆகாது. ஆனால் திரையே தெரியாத மெஷினிலிருந்து ஃபைல்களை எடுப்பது, திரை தெரிகிற மெஷினிலிருந்து எடுப்பதைவிடப் பத்து மடங்கு தலைவலி.

இன்னொரு விஷயம், இது பலருக்கும் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. விண்டோஸ் லேப்டாப்களில் பிட்லாக்கர் என்கிற பூட்டு உங்களுக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்க வாய்ப்புண்டு. நாளைக்கு மதர்போர்டை மாற்றினாலோ, எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலோ 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் டேட்டா உங்களுக்கே கிடையாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து அந்த கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அது ஐடி டீமிடம் இருக்கும். ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் சேவ் பண்ணி வைக்காதீர்கள்.

டி2 சிப்போடு வந்த மேக்புக்குகளில் நிலைமை இன்னும் கறார். ஸ்டோரேஜ் போர்டிலேயே இருக்கும். கழற்றி வேறு மெஷினில் படிக்கிற பேச்சுக்கே இடமில்லை. அவற்றில் பேக்கப் மட்டும்தான் வழி.

உண்மையிலேயே கிராபிக்ஸ் சிப்தானா?

திரையில் கோடு வந்தாலே சிப் போச்சு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டிஸ்பிளே பேனல், அதற்குப் போகும் மெல்லிய கேபிள், டிரைவர் சாஃப்ட்வேர், ரேம் என்று நாலைந்து பேர் இதே வேலையைச் செய்வார்கள். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். காசு செலவில்லை.

கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால், கம்ப்யூட்டர் படத்தைச் சரியாகத்தான் உருவாக்கியிருக்கிறது, கோளாறு பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் கேபிளிலோ பேனலிலோதான். போனிலும் அதே கட்டங்கள் தெரிந்தால் சிப்பின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, லேப்டாப் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவுக்கு ஏற்பக் கோடு வந்து வந்து போனால், அது மூடியின் கீல் வழியாகப் போகும் கேபிள். சிப்பை மாற்றுவதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. சந்தோஷப்பட வேண்டிய முடிவு இதுதான்!

எச்டிஎம்ஐ கேபிளில் டிவியையோ மானிட்டரையோ இணைத்துப் பார்ப்பது எல்லோரும் சொல்லும் சோதனை. வெளித்திரையிலும் அதே கோளாறு என்றால் சிப், இல்லையென்றால் பேனல் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களில், உள்திரை பிராசஸரோடு வரும் கிராபிக்ஸில் ஓடும், எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் தனி கிராபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட மாடலில் உள்திரை நன்றாக இருந்து, டிவியில் மட்டும் கோடு வந்தால் டிவி கேபிளைத் திட்டாதீர்கள். தனி சிப்தான் முனகுகிறது.

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி லோகோவிலும் பயாஸ் திரையிலும் கோடு தெரிகிறதா? அப்படியானால் விண்டோஸோ டிரைவரோ காரணமில்லை. அவை இன்னும் எழுந்திருக்கவே இல்லை. டெல் லேப்டாப் என்றால் டி என்ற கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால், திரை தன்னைத்தானே சோதித்து சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணங்களைக் காட்டும். அதிலும் கோடு இருந்தால் பேனல்.

மாறாக, பயாஸ் திரை பளிச்சென்று இருந்து, விண்டோஸ் உள்ளே போய் டிரைவர் லோட் ஆன பிறகு மட்டும் பிரச்சினை என்றால், முதலில் டிரைவரை முழுசாக நீக்கிவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். திரை இரண்டு நொடி கறுப்பாகித் திரும்புவதற்கும் காரணம் உண்டு. கிராபிக்ஸ் சிப்பிடம் ஒரு வேலை கொடுத்து 2 நொடிக்குள் பதில் வரவில்லை என்றால் விண்டோஸே அதை ரீசெட் செய்துவிடும். ரீசெட்டும் வேலைக்கு ஆகவில்லை என்றால் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்று நீலத்திரை. புது டிரைவர் போட்டும் இது வாரத்துக்கு நாலு தடவை வந்தால், இனி சாஃப்ட்வேரைக் குற்றம் சொல்ல முடியாது.

சிப்புக்குள் என்னதான் நடக்கிறது?

கிராபிக்ஸ் சிப் என்பது ஒரே துண்டு இல்லை. மேலே பளபளவென்று தெரிவது சிலிக்கான். அது ஒரு சின்னப் பச்சைப் பலகையின் மீது உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய சால்டர் புள்ளிகள். இடைவெளியில் ஒருவகைப் பசை. அந்தப் பச்சைப் பலகையின் அடியில் கொஞ்சம் பெரிய சால்டர் உருண்டைகள் இருக்கும். அவைதான் மதர்போர்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக, இரண்டு மாடி சால்டர்.

சூடானால் எல்லாப் பொருளும் விரியும். ஆனால் ஒரே அளவுக்கு விரியாது. சிலிக்கானைவிட அந்தப் பச்சைப் பலகை ஏறக்குறைய 5 மடங்கு அதிகம் விரியும். சும்மா இருக்கும்போது 40 டிகிரியில் இருக்கும் சிப், கேமோ வீடியோ எடிட்டிங்கோ திறந்ததும் 80 டிகிரியைத் தாண்டும். மூடி வைத்தால் மறுபடி குளிரும். ஒவ்வொரு முறையும் நடுவே இருக்கும் புள்ளிகள் இழுபடுகின்றன. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் படக்கென்று உடையுமே, அதேதான். அந்த இழுவையைத் தாங்கத்தான் பசை. பசையின் தேர்வு சரியில்லையென்றால் புள்ளிகள் சீக்கிரம் விரிசல் விடும்.

இதைத் தொழில்நுட்ப உலகம் கற்றுக்கொண்டது ரொம்பக் காஸ்ட்லியான பாடமாக. 2008 ஜூலையில் என்விடியா, தன் பழைய தலைமுறை லேப்டாப் சிப்கள் சிலவற்றில் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருப்பதாக ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்குவதாக அறிவித்தது. ஆப்பிள் மெஷின்களுக்குப் பாதிப்பில்லை என்று முதலில் அந்த நிறுவனத்திடம் சொல்லப்பட்டிருந்தது. ஆப்பிள் தானே சோதித்துவிட்டு, அதே ஆண்டு அக்டோபரில், ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி சிப் உள்ள மேக்புக் ப்ரோக்கள் சிலவும் பாதிக்கப்படலாம் என்று அறிவித்து, இலவசமாகப் பழுது பார்த்துத் தந்தது. டெல், எச்பி, ஆப்பிள் வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் 2010-ல் அமெரிக்காவில் சமரசம் ஏற்பட்டது.

அதோடு முடியவில்லை. 2011 மேக்புக் ப்ரோக்களில் இருந்தது ஏஎம்டியின் ரேடியான் சிப். அதிலும் அதே கோடு, அதே கறுப்புத்திரை. வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2015 பிப்ரவரியில்தான் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. அதற்குள் கைக்காசைப் போட்டு போர்டு மாற்றியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. கேம் கன்சோல் வைத்திருந்தவர்களுக்கு எக்ஸ்பாக்ஸ் 360-ன் சிவப்பு வளையம் ஞாபகம் இருக்கும். 2007-ல் மைக்ரோசாஃப்ட் அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கி, வாரன்டியை 3 ஆண்டாக நீட்டித்தது. வெளியே இருக்கும் சால்டர் உருண்டைதான் விட்டுப்போகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. உடைந்தது சிப்புக்கு உள்ளே இருக்கும் இணைப்புகள் என்று அந்த நிறுவனமே 2021-ல் வெளியிட்ட ஆவணப்படத்தில் சொன்னது.

வெளியே இல்லை, உள்ளே. கடையில் நீங்கள் கொடுக்கப் போகும் பணம் வீணா இல்லையா என்பது இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

'ஹீட் பண்ணா சரியாயிடும் சார்!'

ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஆகட்டும், 'சிப் லெவல் சர்வீஸ்' போர்டு இல்லாத இடமே இல்லை. அங்கே திறமைசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கிராபிக்ஸ் கோளாறு என்றதும் சில கடைகளில் கிடைக்கும் முதல் பதில், "சிப் லூஸ் ஆகியிருக்கு சார், ஹீட் பண்ணா சரியாயிடும்." இதற்கு ரீஃப்ளோ என்று பெயர். சிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் உருண்டைகளை மட்டும் புதிதாகப் போட்டு ஒட்டினால் ரீபால்.

ஹீட் கன் காட்டியதும் லேப்டாப் உயிர் பெறும். உண்மைதான், கண் முன்னாலேயே திரை வரும். காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவீர்கள். சில வாரமோ, அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதமோ ஓடும். பிறகு மறுபடியும் கோடு. ஏன்? வெளியே இருக்கும் ஈயமில்லா சால்டர் உருகுவது சுமார் 217 டிகிரியில். அந்தக் கால என்விடியா சிப்களின் உள்ளே இருந்ததோ ஈயம் அதிகமுள்ள சால்டர். அது உருக ஏறக்குறைய 300 டிகிரி வேண்டும். கடைக்காரர் அவ்வளவு சூடு காட்டவும் முடியாது. காட்டினால் சிப்பே போய்விடும். ஆக, உள்ளே உடைந்தது உருகி ஒட்டவே இல்லை. சூட்டில் விரிந்து, உடைந்த இரண்டு முனைகளும் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன. அவ்ளோதான். ரீபால் செய்து வேலை செய்வதும் பெரும்பாலும் இதே கதைதான். உருண்டை மாற்றியதால் அல்ல, மாற்றும்போது பட்ட சூட்டால்.

இணையத்தில் போர்டைக் கழற்றிச் சமையலறை அவனில் வைத்து 'பேக்' பண்ணும் வீடியோக்கள் இருக்கும். தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் கனெக்டர் உருகும், கெபாசிட்டர் வெடிக்கலாம், அந்தப் புகை படிந்த அவனில் நாளைக்கு நீங்கள்தான் கேக் செய்யப் போகிறீர்கள்.

அப்படியானால் கடையில் எதைக் கேட்பது? "அண்ணா, அதே சிப்பை ஹீட் பண்ணுவீங்களா, இல்ல புது சிப் போடுவீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். புது சிப் என்றால், உண்மையிலேயே புதுசா, பழைய போர்டிலிருந்து கழற்றியதா என்று கேளுங்கள். கழற்றிய சிப் என்றால் அதுவும் இதே சூட்டில் பல வருடம் வெந்ததுதான். வாரன்டி எத்தனை மாதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் எழுதித்தர மறுக்கும் வேலை எதுவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

எல்லாக் கோளாறும் சிப்புக்குள்தான் என்றும் இல்லை. 2010-ல் வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோக்கள் தனி கிராபிக்ஸுக்கு மாறும்போதெல்லாம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அவற்றில் பலவற்றில் குற்றவாளி, மின்சாரம் கொடுக்கும் பகுதியிலிருந்த ஒரு குட்டி கெபாசிட்டர். அதை மாற்றினால் மெஷின் பல வருடம் ஓடியது. சிப்பில் கை வைப்பதற்கு முன் பவர் சப்ளை லைன்களை மீட்டர் வைத்துப் பார்க்கிற கடைக்காரர் கிடைத்தால், அவர் நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்.

செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது

பலரும் யோசிக்காத வழி இதுதான்: கெட்டுப்போன சிப்பைத் தூங்கவைத்துவிட்டு, மற்றதில் ஓட்டுவது.

2011 வாக்கிலிருந்து வந்த பெரும்பாலான இன்டெல் லேப்டாப் பிராசஸர்களுக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. பல ரைசன் பிராசஸர்களிலும் அப்படியே. தனி சிப் என்பது கனமான வேலைக்கு மட்டும். உங்கள் லேப்டாப் எந்த ரகம் என்று பார்க்க, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். இன்டெல், என்விடியா என்றோ, இரண்டு ரேடியான் என்றோ இரண்டு பெயர் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். தனி சிப்பின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து 'டிசேபிள் டிவைஸ்' கொடுங்கள். சில மாடல்களில் பயாஸிலேயே தனி கிராபிக்ஸை அணைக்கும் வசதி இருக்கும், அது இன்னும் உறுதியானது.

ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் டிசேபிள் செய்து பயனில்லை. விண்டோஸ் அடிப்படை டிரைவருக்கு இறங்குமே தவிர, படம் அதே சிப் வழியாகத்தான் வரும்.

2011 மேக்புக் ப்ரோ வைத்திருப்பவர்கள் இதே உத்தியில்தான் அந்த மெஷின்களை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இயக்கும்போதே இன்டெல் கிராபிக்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஃபர்ம்வேரில் ஒரு சின்ன அமைப்பை மாற்றிவிடுவார்கள்.

எதை இழப்பீர்கள்? கேம், கனமான வீடியோ எடிட்டிங், 3டி, என்விடியா சிப்பை நம்பி ஓடும் மெஷின் லேர்னிங் வேலைகள் போய்விடும். சில மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட்டும் வேலை செய்யாது. பிரவுசர், எக்செல், ஜூம், கோடிங் எல்லாம் வழக்கம்போல ஓடும். பேட்டரியும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். டிரைவர் அப்டேட் வந்த பிறகு மட்டும் அந்தச் சிப் மறுபடி ஆன் ஆகிவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் முழுசாகப் போகவில்லை என்றால்...

ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். கேமில் ஃபிரேம் ரேட்டுக்கு உச்சவரம்பு வையுங்கள். இதெல்லாம் விட்ட விரிசலை ஒட்டாது. அடுத்த விரிசலைத் தள்ளிப்போடும். புது லேப்டாப்புக்கு நாலைந்து மாதம் சேமிக்க அவகாசம் கிடைத்தாலே லாபம்தானே?

காசு போடலாமா, புதுசு வாங்கலாமா?

இங்கே பிராசஸரின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட, பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறையோ ரைசன் 3000 வரிசையோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், சிப் மாற்றவோ போர்டு மாற்றவோ ஆயிரக்கணக்கில் போடுவது என் பார்வையில் வேண்டாத வேலை. ஓட்டும்வரை இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டுங்கள், லினக்ஸ் பழகுவதில் தயக்கமில்லை என்றால் இன்னும் சில வருடம் கூட ஓடும்.

பிராசஸர் புதுசு, விலையும் லட்சத்தைத் தொட்ட மெஷின் என்றால் கணக்கு வேறு. முதலில் வாரன்டி மிச்சம் இருக்கிறதா, உங்கள் மாடலுக்குக் கம்பெனி தனியாக இலவசப் பழுதுபார்ப்பு எதுவும் அறிவித்திருக்கிறதா என்று சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வாரன்டி இருந்தும் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். வாரன்டி முடிந்திருந்தால், சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற எவ்வளவு என்று எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அதே வசதிகளுள்ள புது லேப்டாப்பின் விலையில் பாதியை அது தாண்டினால் நான் யோசிக்கவே மாட்டேன், புதுசுதான்.

பழையதைக் கொடுக்கும் முன் எஸ்எஸ்டியையும் ரேமையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய் யுஎஸ்பி எஸ்எஸ்டி கேஸ் வாங்கிப் போட்டால், அந்த எஸ்எஸ்டி புது லேப்டாப்புக்கு பேக்கப் டிரைவ் ஆகிவிடும். மீதியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. பதிவு பெற்ற இ-கழிவு மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது.